ஸ்ட்ரிப் ஒன்று சொல்கிறது, மெஷின் வேறொன்று சொல்கிறது: சிறுநீர்ப் புரதப் பரிசோதனையில் கோளாறு எங்கே என்று தேடும் முறை

ஒரே டியூப் சிறுநீர். தொட்டு நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப் 4+ காட்டுகிறது. அனலைசரோ, ரத்தத்தின் முக்கியப் புரதமான ஆல்புமின் நார்மல் என்கிறது. வேலை நெரிசலில் நாம் என்ன செய்கிறோம்? இன்னொரு முறை ஓட்டுகிறோம். அதே எண் வந்தால், மெஷின் சொன்னதுதான் சரி என்று ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறோம். இருபது ஆண்டுக்கு மேல் உயிர்வேதியியல் லேபில் இருக்கிறேன், நானும் இதைச் செய்திருக்கிறேன். ஒருமுறை அதன் விலையை ஒரு நோயாளி கொடுத்தார். அதைக் கீழே சொல்கிறேன். லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். நாம் "யூரின் புரோட்டீன்" என்று ஒரே பெயரில் அழைக்கும் ஒவ்வொரு முறைக்கும் கண் வேறு. ஸ்ட்ரிப்புக்குப் பெரும்பாலும் ஆல்புமின் மட்டுமே தெரியும். சல்ஃபோசாலிசிலிக் அமிலம் ஆல்புமின், குளோபுலின், லைட் செயின் (ஆன்டிபாடியின் சிறு துண்டு) எல்லாவற்றையும் படியவைக்கும். பைரோகலால் ரெட் சாயம் எல்லாப் புரதத்தோடும் சேரும், ஆனால் எல்லாவற்றோடும் ஒரே அளவில் சேராது. ஆன்டிபாடியைக் கொண்டு ஆல்புமினை அளக்கும் இம்யூனோடர்பிடிமெட்ரிக்கு ஆல்புமினைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆகவே இரண்டு முறைகள் முரண்பட்டால் ஒன்று பொய் சொல்கிறது என்று பொருளல்ல. இரண்டும் உண்மை சொல்லியிருக்கலாம். அந்த இடைவெளியில்தான் பல சமயம் நோய் உட்கார்ந்திருக்கும்.

எந்தக் கோளாறைத் தேடினாலும், டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். நிறம் என்ன, கலங்கலா, நுரை நிற்கிறதா, அடியில் படிவு இருக்கிறதா. பி.எச்., ஸ்பெசிஃபிக் கிராவிட்டி (சிறுநீரின் அடர்த்தி) இரண்டையும் அதே ஸ்ட்ரிப்பில் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். சாம்பிள் எடுத்த நேரமும் உங்கள் கைக்கு வந்த நேரமும் எத்தனை மணி தள்ளியிருக்கின்றன என்று பாருங்கள். கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு விடை இந்த ஒரு நிமிடத்திலேயே கிடைத்துவிடும்.

ஸ்ட்ரிப் பாசிட்டிவ், ஆனால் அளந்தால் புரதமே இல்லை

ஸ்ட்ரிப்பின் புரதப் பட்டையில் டெட்ராபுரோமோஃபீனால் புளூ என்ற சாயமும், பி.எச். 3 அளவில் பிடித்து வைக்கும் பஃபரும் இருக்கின்றன. அந்த அமிலத்தன்மையில் சாயம் மஞ்சளாக இருக்கும். ஆல்புமின் வந்து சாயத்திடமிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பிடுங்கிக்கொள்ளும்போது பச்சையாகவும் நீலமாகவும் மாறும். பஃபர் தோற்றுப்போனால் புரதமே இல்லாமலும் இதே நிறமாற்றம் நடக்கும்.

பஃபர் எப்போது தோற்கும்? சிறுநீரின் பி.எச். 8-க்கு மேல் போகும்போது. காலை ஆறு மணிக்குப் பிடித்த சாம்பிள் வெயிலில் பேருந்தில் பயணித்து மதியம் ஒரு மணிக்கு லேபுக்கு வந்தால், அதிலுள்ள பாக்டீரியா யூரியாவை அம்மோனியாவாக மாற்றியிருக்கும். மூக்கே சொல்லிவிடும். சிறுநீர்த் தொற்று உள்ளவரிடம் அப்போதே பிடித்த சாம்பிளிலும் இது நடக்கலாம். ஸ்ட்ரிப்பை நிறைய நேரம் மூழ்க விட்டாலும் பஃபர் கரைந்து வெளியேறிவிடும். தொட்டவுடன் எடுத்து, ஓரத்தில் வழித்து, குறித்த நொடியில் படியுங்கள்.

அடுத்து, பாத்திரம். குவாட்டர்னரி அமோனியம் வகைக் கிருமிநாசினியால் கழுவிய பாட்டில், குளோர்ஹெக்சிடின் தடவித் துடைத்த தோல், இரண்டுமே ஸ்ட்ரிப்பைப் பச்சையாக்கும். வார்டில் கதீட்டர் போட்டவர்களின் சாம்பிள் வரிசையாக 2+ வந்தால் அங்கே எதைக் கொண்டு சுத்தம் செய்கிறார்கள் என்று சிஸ்டரைக் கேட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு ரத்தம் கலந்திருந்தாலும் பாசிட்டிவ் வரும், அது உண்மையான பிளாஸ்மா புரதம்தான், ஆனால் கிளாமருலஸ் என்ற சிறுநீரக வடிகட்டி வழியாக வந்தது அல்ல.

சிறுநீர் மிக அடர்த்தியாக இருந்தால் இயல்பான அளவு புரதமே டிரேஸ் அல்லது 1+ காட்டும். ஸ்பெசிஃபிக் கிராவிட்டி 1.030 இருக்கும்போது வரும் டிரேஸுக்கும், 1.005 இருக்கும்போது வரும் டிரேஸுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டாவதுதான் கவலைப்பட வேண்டியது. அது நீர்த்த சிறுநீரில் வந்த டிரேஸ்.

இந்த ஊர் வெக்கையில் ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியைத் திறந்தே வைப்பது தனிக் கோளாறு. ஈரம் ஏறிய பட்டை ஓரங்களில் திட்டுத் திட்டாக நிறம் மாறும். சந்தேகம் வந்தால் டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்துக் காய்ச்சி வடித்த நீரில் தொட்டுப் பாருங்கள். அதுவும் பச்சையானால் டப்பாவையே தூக்கிப் போடலாம்.

ஸ்ட்ரிப் நெகட்டிவ், ஆனால் சல்ஃபோசாலிசிலிக் அமிலம் விட்டால் பால் போல் கலங்குகிறது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். இந்த முழு வழிமுறையிலும் மிக முக்கியமான முரண்பாடு இதுதான்.

முதலில் சோதனையைச் சரியாகச் செய்தோமா என்று பார்க்க வேண்டும். சாம்பிளை சென்ட்ரிஃபியூஜ் செய்து மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் எடுத்து, 3 சதவீத அமிலத்தோடு சம அளவு கலந்து, பத்து நிமிடம் விட்டுப் படிக்க வேண்டும். ஏற்கெனவே கலங்கிய சிறுநீரில் அமிலத்தை விட்டுவிட்டுக் கலங்கல் 3+ என்று எழுதினால் அதற்குப் பொருளே கிடையாது.

தெளிந்த நீரிலும் கலங்கினால் மூன்று சாத்தியங்கள் உண்டு. ஒன்று, ஸ்கேனுக்குப் போட்ட அயோடின் கான்ட்ராஸ்ட். அது சிறுநீரில் இருந்தால் ஸ்பெசிஃபிக் கிராவிட்டி 1.035, 1.040 என்று இயல்புக்கு மீறி ஏறியிருக்கும். இதை ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள், ஸ்ட்ரிப்பின் கிராவிட்டிப் பட்டைக்குக் கான்ட்ராஸ்ட் தெரியாது. இரண்டு, மருந்து: அதிக டோஸ் பென்சிலின், சில செஃபலோஸ்போரின்கள், சல்ஃபா மருந்துகளின் எச்சங்கள், பழைய சர்க்கரை மாத்திரையான டால்புடமைட். மூன்று, ஆல்புமின் அல்லாத புரதம். அதில் முதலில் நினைக்க வேண்டியது லைட் செயின், நாம் பென்ஸ் ஜோன்ஸ் புரதம் என்று படித்தது.

இப்போது அந்தச் சம்பவம். அறுபது வயதுக்காரர். முதுகுவலி, ரத்தசோகை, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. ஸ்ட்ரிப் நெகட்டிவ். அப்போது நான் வேலை பார்த்த லேபில் எல்லாச் சிறுநீரக நோயாளிகளுக்கும் அமிலச் சோதனையும் செய்வோம், அது அடர்த்தியாகக் கலங்கியது. பரிசோதனைச் சீட்டில் "சி.டி. ஸ்கேன் செய்யப்பட்டது" என்று எழுதியிருந்தது. சரி, கான்ட்ராஸ்ட்தான் என்று முடிவு செய்து "புரதம் இல்லை" என்று அனுப்பினேன். ஸ்கேன் என்றைக்கு எடுத்தார்கள் என்று கேட்கவில்லை. நான்கு மாதம் கழித்து அவர் டயாலிசிஸுக்கு வந்தபோது மல்டிபிள் மைலோமா, அதாவது லைட் செயினைக் கொட்டும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் என்று தெரிந்தது. பழைய சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அந்த ஸ்கேன் எடுத்தது சிறுநீர் கொடுத்த நாளுக்கு மூன்று வாரம் முன்பு. அவர் மனைவி என்னிடம் எதுவும் கேட்கவில்லை, கேட்க அவருக்கு விஷயமும் தெரியாது. எனக்குத் தெரியும். அன்றிலிருந்து "கான்ட்ராஸ்ட்" என்று எழுதுவதற்கு முன் தேதி கேட்கிறேன், ரிஃப்ராக்டோமீட்டர் பார்க்கிறேன், 24 மணி நேரம் கழித்து இன்னொரு சாம்பிள் வாங்குகிறேன். சிறுநீரகம் ஓரளவு வேலை செய்பவருக்கு அதற்குள் கான்ட்ராஸ்ட் பெரும்பகுதி வெளியேறி, கலங்கலும் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் புரதம்.

பழைய வெப்பச் சோதனையை இன்றைக்கும் செய்து பார்க்கலாம். சிறுநீரை அசிட்டேட் பஃபரால் பி.எச். 5-க்குக் கொண்டுவந்து நீர்த்தொட்டியில் மெல்லச் சூடாக்கினால், லைட் செயின் 40 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள் திரிந்து படியும். கொதிநிலையை நெருங்கும்போது கரையும், ஆறும்போது மறுபடி படியும். 1845-இல் லண்டனில் தாமஸ் வாட்சன் என்ற மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸுக்கு ஒரு டியூப் சிறுநீரும் ஒரு சிறு கடிதமும் அனுப்பினார். ஆறினால் கெட்டியாகிறது, சூடாக்கினால் கரைகிறது, இது என்ன என்று கேட்டிருந்தார். மேலே சொன்ன அமிலச் சோதனை கலங்கும்போது நம் கையில் இருப்பதும் அதே கேள்விதான். ஆனால் வெப்பச் சோதனை உணர்திறன் குறைந்தது. நெகட்டிவ் வந்தாலும் லைட் செயின் இல்லை என்று சொல்ல முடியாது. புரதங்களைப் பிரித்து அடையாளம் காணும் சிறுநீர் எலெக்ட்ரோஃபோரெசிஸ், இம்யூனோஃபிக்சேஷன், சீரத்தில் ஃப்ரீ லைட் செயின் ஆகியவற்றுக்கு அனுப்புவதே முறை.

எதிர்த்திசையில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. சிறுநீர் மிகக் காரமாக இருந்தால் அமிலச் சோதனையே பொய்யாக நெகட்டிவ் ஆகும்.

ஸ்ட்ரிப் 3+, 4+, ஆனால் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் நார்மல்

தொடக்கத்தில் சொன்ன நிலைமை இதுதான். பெரும்பாலும் காரணம் ப்ரோசோன், அதாவது ஆன்டிஜென் அளவுக்கு மீறி இருப்பது.

இம்யூனோடர்பிடிமெட்ரியில் ஆன்டிபாடி ஒவ்வொன்றும் இரண்டு ஆல்புமின் மூலக்கூறுகளைப் பிடித்து இணைத்து, அவை வலைபோல் பின்னிக்கொள்ளும்போதுதான் கலங்கல் உண்டாகும். அந்தக் கலங்கலையே மெஷின் படிக்கிறது. பூ கூடை கூடையாகக் கொட்டிக் கிடந்து நார் கொஞ்சமாக இருந்தால் மாலை கட்ட முடியாது, அல்லவா? அதேபோல ஆல்புமின் வெள்ளமாக வந்தால் ஆன்டிபாடியின் இரண்டு கைகளும் தனித்தனி மூலக்கூறால் நிறைந்துவிடும். பின்னல் விழாது. கலங்கல் குறையும். மெஷின் அதைக் குறைந்த ஆல்புமின் என்று படிக்கும். புரதம் வெள்ளமாக வெளியேறும் நெஃப்ராட்டிக் நிலையில் கால் வீங்கி வந்தவருக்குக் கிராம் கிரியேட்டினினுக்கு 18 மில்லிகிராம் ஆல்புமின் என்று ரிப்போர்ட் போவது இப்படித்தான்.

தீர்வு எளிது. சலைனில் 20 மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுங்கள். நீர்த்ததும் எண் குறைவதற்குப் பதில், பெருக்கிப் பார்க்கும்போது பல மடங்கு ஏறினால் ப்ரோசோன் உறுதி. இரண்டு அடுத்தடுத்த நீர்ப்புகளில் பெருக்கிய விடை ஒன்றாக வரும்வரை நீர்க்கச் செய்ய வேண்டும். பல அனலைசர்களில் ஆன்டிஜென் மிகுதியைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு உண்டு, ஆனால் அது உங்கள் மெஷினில் இயங்கும் நிலையில் இருக்கிறதா, எந்த அளவு வரை தாங்கும் என்பதை ரீஏஜென்ட் கிட்டுக்குள் வரும் தாளில் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் பெஞ்சில் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறோம்: ஸ்ட்ரிப் 2+ அல்லது அதற்கு மேல் இருந்தால் சாம்பிள் நீர்க்கச் செய்யாமல் ஆல்புமின் மெஷினுக்குள் போகக்கூடாது.

இதற்கு ஒரு தம்பிக் கோளாறு உண்டு. மிக அதிகப் புரதம் உள்ள சாம்பிளுக்கு அடுத்து ஓடிய நார்மல் சாம்பிள் காரணமில்லாமல் ஏறியிருக்கும். அது கேரி-ஓவர், முந்தைய சாம்பிளின் மிச்சம் ஒட்டி வருவது. சாம்பிள் உறிஞ்சும் ப்ரோப்பைக் கழுவும் சுழற்சியைப் பார்த்துவிட்டு, அந்த அடுத்த சாம்பிளை மட்டும் தனியாக மறுபடி ஓட்டுங்கள்.

ஆல்புமின் நார்மல், ஆனால் மொத்தப் புரதம் உயர்ந்திருக்கிறது

முதலில் சாயத்தைச் சந்தேகியுங்கள். ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற அமினோகிளைகோசைடு ஊசிகள் பைரோகலால் ரெட் முறையில் பொய்யாக எண்ணைக் கூட்டும். அந்த ஊசி போட்டுக்கொள்ளாத நோயாளி என்றால், உண்மையிலேயே ஆல்புமின் அல்லாத புரதம் வெளியேறுகிறது.

இயல்பான சிறுநீரகத்தில் ஆல்பா-1 மைக்ரோகுளோபுலின், பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், ரெட்டினால் பிணைக்கும் புரதம் போன்ற சின்னப் புரதங்கள் கிளாமருலஸில் வடிகட்டப்பட்டு, அதை அடுத்த பிராக்சிமல் டியூப்யூல் என்ற நுண்குழாயில் திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும். டியூப்யூல் பழுதானால் அவை சிறுநீரில் வழியும். அளவு பெரும்பாலும் சிறியது, நெஃப்ராட்டிக் அளவுக்குப் போகாது. ஸ்ட்ரிப்புக்கும் ஆல்புமின் பரிசோதனைக்கும் இவை கண்ணிலேயே படாது. இதில் எனக்கு வருத்தம் அதிகம். இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும், ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும் விவசாயிகளைத் தாக்கும், காரணம் இன்னும் முடிவாகாத சிறுநீரக நோய் இந்த வகையைச் சேர்ந்தது. அது முதலில் தாக்குவது டியூப்யூலையும் அதைச் சுற்றிய திசுவையும். சர்க்கரை நோய்க்காக வடிவமைத்த ஆல்புமின் ஸ்ட்ரிப்பை வைத்து அப்படிப்பட்ட ஊரில் முகாம் நடத்தினால் ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் "நார்மல்" சீட்டோடு வயலுக்குத் திரும்பிப் போவார்கள். சீரம் கிரியேட்டினினும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும், முடிந்தால் ஆல்பா-1 மைக்ரோகுளோபுலினும்.

ஏன் பீட்டா-2 மைக்ரோகுளோபுலினைச் சொல்லவில்லை என்றால், அது அமிலச் சிறுநீரில் சிதைந்துவிடும். பி.எச். 6-க்குக் கீழே போனால் சிறுநீர்ப்பைக்குள் இருக்கும்போதே சிதைவு தொடங்கிவிடுகிறது, லேபில் நாம் காரம் சேர்த்துக் காப்பாற்ற முடியாது. ஆல்பா-1 அவ்வளவு மென்மையானது அல்ல.

எலெக்ட்ரோஃபோரெசிஸ் செய்யும் வசதி இருந்தால் படம் நன்றாகப் பிரியும். கிளாமருலஸ் பழுதில் ஆல்புமின் பட்டை தடித்துத் தனியாக நிற்கும், கூடவே பீட்டா பகுதியில் டிரான்ஸ்ஃபெரின். டியூப்யூல் பழுதில் ஆல்புமின் மெலிந்து ஆல்பா, பீட்டா பகுதிகளில் பட்டைகள் எழும்பும். குறுகிய, கூரான ஒற்றைப் பட்டை பீட்டா அல்லது காமா பகுதியில் நின்றால் லைட் செயின் பற்றிச் சொன்ன பகுதிக்குத் திரும்பிப் போங்கள். பைரோகலால் ரெட் லைட் செயினைக் குறைத்தே காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள், மொத்தப் புரத எண் சிறியது என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம்.

ஒரே நோயாளிக்கு மாதத்துக்கு ஒரு எண் வருகிறது

போன மாதம் 25, இந்த மாதம் 70, அடுத்த மாதம் 38. டாக்டர் போனில் கோபப்படுகிறார். பெரும்பாலும் லேபின் மேல் தவறு இல்லை. சிறுநீர் ஆல்புமின் ஒரே ஆளிடம் நாளுக்கு நாள் நிறைய ஊசலாடும். காய்ச்சல், கடுமையான உடற்பயிற்சி, சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், கட்டுப்பாடில்லாத சர்க்கரை, எகிறிய ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு எல்லாம் ஏற்றிவிடும். பகலில் நடமாடும்போது மட்டும் புரதம் வெளியேறும் இளவயதினரும் உண்டு, அவர்களுக்குப் படுத்து எழுந்ததும் எடுத்த சாம்பிள் சுத்தமாக இருக்கும். அதனால்தான் காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கேட்கிறோம். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுத்த மூன்று சாம்பிளில் இரண்டு உயர்ந்திருந்தால்தான் ஆல்புமினூரியா என்று உறுதி செய்வார்கள். கிராமுக்கு 30-க்குக் கீழே இயல்பு அல்லது லேசான உயர்வு, 30 முதல் 300 வரை மிதம், 300-க்கு மேல் கடுமை. சீட்டில் இன்னும் பல இடங்களில் "மைக்ரோ ஆல்புமின்" என்று எழுதுகிறார்கள். ஏதோ சின்ன சைஸ் ஆல்புமின் என்று நோயாளிகள் நினைத்துக்கொள்கிறார்கள். அதே ஆல்புமின்தான், அளவுதான் குறைவு. அந்தப் பெயரை விட்டுவிடுவது நல்லது.

விகிதத்தின் கீழ்ப்பாதியையும் பாருங்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து வருகிறது. மெலிந்த ஒரு பாட்டி நாளுக்கு 0.7 கிராம் கிரியேட்டினின் வெளியேற்றுகிறார், கட்டுமஸ்தான இளைஞர் 2 கிராம். இருவருமே நாளுக்கு 40 மில்லிகிராம் ஆல்புமின் இழந்தாலும் பாட்டிக்கு 57, இளைஞருக்கு 20 என்று விகிதம் வரும். ஒருவர் நோயாளி, இன்னொருவர் நார்மல்! இதை லேபில் திருத்த முடியாது, ஆனால் எல்லைக்கோட்டில் நிற்கும் எண்ணோடு டாக்டர் பேசும்போது இதை நாம் சொல்லலாம்.

ஜாஃபே முறையில் கிரியேட்டினின் அளக்கும் லேப்களில் கீட்டோன், குளுக்கோஸ், சில செஃபலோஸ்போரின்கள் குறுக்கிடும். சிறுநீரை 20, 50 மடங்கு நீர்க்கச் செய்து அளப்பதால் தாக்கம் குறையும், ஆனாலும் கீட்டோன் 3+ உள்ள சாம்பிளில் விகிதத்தை நம்புவதற்கு முன் என்சைம் முறையில் ஒருமுறை பாருங்கள். ஆல்புமின் மெஷினின் கீழ் எல்லைக்கும் கீழே போனால் பூஜ்யம் என்று வைத்து வகுக்காதீர்கள். "இந்த அளவுக்குக் கீழ்" என்றே எழுதுங்கள்.

24 மணி நேரச் சேகரிப்பும் விகிதமும் ஒத்துப்போகவில்லை

பத்தில் எட்டு முறை கேனில் பாதிச் சிறுநீர்தான் இருக்கும். மொத்தக் கிரியேட்டினினைக் கணக்கிடுங்கள். ஆணுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 20 முதல் 25 மில்லிகிராம், பெண்ணுக்கு 15 முதல் 20, முதியவர்களுக்கு இன்னும் கொஞ்சம் குறைவு. 60 கிலோ எடையுள்ள நடுவயது ஆணின் கேனில் 540 மில்லிகிராம்தான் இருக்கிறது என்றால் பாதி கழிவறையில் போய்விட்டது. அந்தப் புரத எண்ணை வெளியிடாமல் மறுபடி சேகரிக்கச் சொல்லுங்கள்.

சொல்லும் விதத்தில்தான் இருக்கிறது. "இருபத்துநாலு மணி நேர யூரின் கொண்டு வாங்க" என்றால் யாருக்கும் புரியாது. நான் இப்படிச் சொல்வேன்: "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு எழுந்ததும் போறதை வெளியே விட்டுடுங்கம்மா. அதுக்கப்புறம் பகல், ராத்திரி எப்போ போனாலும் ஒரு சொட்டு விடாம இந்தக் கேன்ல. மறுநாள் காலை ஆறு மணிக்குப் போறதையும் பிடிச்சு ஊத்திட்டு அப்படியே கொண்டாங்க. மலம் கழிக்கும்போது சிறுநீர் போறதையும் முன்னாடியே பிடிச்சிடணும்." கடைசி வரியை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

கேனில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். கால்சியம் போன்ற வேறு பரிசோதனைக்குத் தயார் செய்த கேன் கைமாறி வந்துவிடும். அமிலத்தில் புரதம் படிந்து அடியில் தங்கிவிடும். புரதத்துக்கு அமிலம் வேண்டாம், குளிர்ச்சி போதும். அளவெடுக்கும் முன் கேனை நன்றாகக் கலக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஆனால் சொல்லிவிடுகிறேன்.

அன்றைய பேட்ச் முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது

நோயாளிகளை விடுங்கள், அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் சாம்பிளைப் பாருங்கள். கன்ட்ரோலும் சாய்ந்திருந்தால் கேலிபரேஷன், ரீஏஜென்ட் லாட், தண்ணீர். கன்ட்ரோல் சரியாக இருந்து நோயாளிகள் மட்டும் சாய்ந்திருந்தால் சாம்பிள் வைத்திருந்த விதம். சிறுநீர் ஆல்புமின் 2 முதல் 8 டிகிரியில் ஒரு வாரம் வரை தாங்கும். மைனஸ் 20 ஃப்ரீசரில் போட்டவை பிறகு குறைத்துக் காட்டும், நீண்டநாள் வைக்க மைனஸ் 70 அல்லது அதற்குக் கீழே வேண்டும். குளிரில் படிந்தவை அறை வெப்பத்துக்கு வந்து, கலக்கி, அதன்பிறகே சென்ட்ரிஃபியூஜ்.

கிட் மாற்றினால் மொத்தப் புரத எண்கள் நகரும். பைரோகலால் ரெட், பென்சித்தோனியம் குளோரைடு, கூமாசி புளூ மூன்றுக்கும் ஒரே சிறுநீரில் ஒரே விடை வராது, ஏனென்றால் புரதக் கலவை ஆளுக்கு ஆள் வேறு. கிட் மாறிய தேதியை ரிப்போர்ட்டில் குறிப்பிடுங்கள், இல்லையென்றால் டாக்டர் நோய் கூடிவிட்டது என்று மருந்தை மாற்றுவார்.

யூனிட் பற்றி ஒரு வார்த்தை. கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராம் ஆல்புமின் என்பது ஆல்புமினூரியாவின் தொடக்கம். மில்லிமோலுக்கு 30 மில்லிகிராம் மொத்தப் புரதம் என்பது கர்ப்பிணிகளில் ப்ரீஎக்லாம்ப்சியா (ரத்த அழுத்தம் ஏறும் கர்ப்பகால நோய்) சந்தேகத்தின் எல்லை, கிராமுக்கு மாற்றினால் ஏறத்தாழ 265. மில்லிமோல் எண்ணை 8.84-ஆல் பெருக்கினால் கிராமுக்கு வந்துவிடும். வேறொரு லேபில் இதே கர்ப்பிணிக்கு 0.3 என்று போட்டிருப்பார்கள், அது மில்லிகிராமுக்கு மில்லிகிராம். ஒரே "30" இரண்டு பொருள் தருகிறது, ஒரே நிலைமை மூன்று எண்ணாக அச்சாகிறது. யூனிட் இல்லாத விகிதத்தைக் கவுன்டரைத் தாண்ட விடாதீர்கள்.

ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது

முரண்பாட்டை மறைக்காமல் எழுதுங்கள். "ஸ்ட்ரிப் நெகட்டிவ், சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தில் 3+. ஸ்பெசிஃபிக் கிராவிட்டி 1.018. கான்ட்ராஸ்ட் எடுத்து 20 நாள். ஆல்புமின் அல்லாத புரதம் இருக்க வாய்ப்பு, சிறுநீர் இம்யூனோஃபிக்சேஷனும் சீரம் ஃப்ரீ லைட் செயினும் பார்க்கவும்." நான்கு வாக்கியம், அவ்வளவுதான். இந்த ஒரு முரண்பாட்டுக்கு மட்டும் நான் எழுதுவதோடு நிறுத்துவதில்லை, டாக்டருக்குப் போனும் செய்கிறேன். மீதிச் சிறுநீரில் பெயரும் தேதியும் ஒட்டி, அவர் பதில் சொல்லும்வரை ஃபிரிட்ஜில் மேல் தட்டில் வைத்திருக்கிறேன்.